செலக்டரின் இடது கை

செலக்டர் தன் வாழ்நாளில் ஒரு கிரிக்கெட் டீமைக்கூடத் தேர்ந்தெடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர்ப் பாட்டில் சுமந்ததுதான் அவர் ஆடிய ஆட்டம். ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் இருக்கும் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் செலக்டர். நாட்டுக்கு எப்போது டீம் அறிவித்தாலும், ஒரு நாள் முன்பே தன் பதினொரு பேரை அழுக்குத் துணிச் சீட்டின் பின்பக்கம் எழுதி இஸ்திரி மேஜைக்கு மேலே ஒட்டிவிடுவார். மறுநாள் நிஜப் பட்டியல் வேறு மாதிரி வந்தால் தப்பு அவர்கள் மேல்தான்.

அவருடைய வேலை பெட்ஷீட் மடிப்பது. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆஸ்பத்திரி பெட்ஷீட் ஆள் உயரத்தைவிட நீளம். உலர்த்தும் மெஷினிலிருந்து சூடாக, சுருட்டிக்கொண்டு வரும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, விறைப்பாக இழுத்து, ஒரு முனையைத் தலைக்கு மேலே தூக்கி ஓர் உதறு உதறி, மறு கைக்குக் கொண்டுவர வேண்டும். இருவரும் ஒரே பக்கத்து முனையைத் தூக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எதிரெதிரே நிற்கும் இரண்டு வலக்கைக்காரர்கள் அவரவர் வலது கையைத் தூக்கினால் துணி குறுக்கே முறுக்கிக்கொள்ளும். ஒருவர் வலக்கை, ஒருவர் இடக்கை என்றால் இரண்டு பேருக்கும் பழகிய கை ஒரே பக்கம் வந்துவிடும். யோசிக்கவே வேண்டாம்.

செலக்டருக்கு எதிரே பத்தொன்பது வருஷமாக நின்றவர் இடக்கையார். பெற்றவர்கள் வேறு பேர் வைத்திருந்தார்கள். அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. செலக்டரின் வலது கையும் இடக்கையாரின் இடது கையும் ஜன்னல் பக்கம் ஒன்றாக உயரும், ஒன்றாக இறங்கும். வாய் மட்டும் ஒன்றாக இருந்ததே இல்லை.

"ஓப்பனிங்ல ஒரு லெஃப்ட், ஒரு ரைட் நிக்கணும்யா. பௌலர் லைன் மாத்தி மாத்திப் போட்டே நொந்துடுவான்," என்பார் செலக்டர். அதுவரை சண்டை இல்லை. அதற்கு மேல் இஸ்திரிக்காரர் வந்து மூக்கை நுழைப்பார். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டைத் தேய்ப்பது அவர் வேலை, ரேடியோவும் அவருடையது.

"எங்க தெருவுல ஒருத்தன் எழுதுறது வலது கையில, பேட் பிடிக்கிறது இடது கையில. பழகினா எல்லாம் வரும்ங்க."

"வராது! இடக்கைங்கிறது பொறக்கும்போதே வரணும். பழகி வர்றது இடக்கை இல்ல, நடிப்பு," என்று செலக்டர் எகிறுவார். இடக்கையார் சிரித்துக்கொள்வார். அவரையே பள்ளிக்கூடத்தில் டீச்சர் விரலில் அடித்து அடித்து வலது கையில் எழுத வைத்திருந்தார். எழுத்து மட்டும் வலதில் போனது, மற்றதெல்லாம் இடதிலேயே நின்றுவிட்டது.

அந்த வருஷம் பெரிய போட்டி வரவிருந்தது. கேப்டன் இடக்கை ஆட்டக்காரர், பதினைந்து வருஷ அனுபவம், தோளில் அடி. எடுக்கலாமா, கூடாதா? சலவைப் பிரிவில் ஒரு மாதம் இதே பேச்சாக இருந்தது.

"எடுக்கணும். அவர் நின்னாலே மத்தவங்களுக்குத் தைரியம்," என்றார் இடக்கையார்.

"நிக்கிறதுக்கு எதுக்குய்யா கேப்டன், ஸ்டம்ப் போதுமே? பவுண்டரியிலேர்ந்து பந்தைத் தூக்கி எறிய முடியாதவன் வீட்டுல உக்காந்து டிவி பாக்கட்டும்."

"தோள் வலின்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"பாசம் வேற, டீம் வேற!" என்று மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார் செலக்டர். வலது கையால் மேஜையைத் தட்டாமல் அவருக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியாது. வாசலில் நின்ற சூப்பர்வைசர் மேடம்கூடச் சிரித்துவிட்டார். இடக்கையார் மட்டும் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்று செலக்டருக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. சில மாதமாகவே ஜன்னல் பக்கத்து முனை இரண்டு விரல் அளவு தொங்கி வந்துகொண்டிருந்தது. அவரும் பேச்சு மும்முரத்தில் அதை நீவி நீவிச் சரிசெய்துகொண்டே இருந்தார். அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தார். இடக்கையாரின் இடது கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்குகிறார், கை பாதியில் நின்றுவிடுகிறது. 'இந்த மனுஷனை எதிரே வைத்துக்கொண்டா ஒரு மாதமாக அப்படிப் பேசினோம்' என்று செலக்டருக்குத் தன் வாயின் மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த வாரமே அறிவிப்பு ஒட்டினார்கள். ஐம்பது தாண்டிய எல்லாரும் ஜோடி ஜோடியாக இருபது நிமிஷத்தில் நாற்பது பெட்ஷீட் மடித்துக் காட்ட வேண்டும். முடியாதவர் முன்கூட்டியே ஓய்வில் போகலாம். போகலாம் என்றால் போக வேண்டும் என்று அர்த்தம்.

மேடம் செலக்டரைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, கறாரானவர்.

"நீங்க சீனியர். உங்க பார்ட்னரால முடியுமா? முடியும்னு நீங்க சொன்னா டெஸ்ட் வைக்கிறேன். இல்லன்னா எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு அவரைக் கஷ்டப்படுத்த வேணாம், நேரா ரிட்டையர்மென்ட் பேப்பர் போட்டுடலாம். பாசம் வேற, டீம் வேறன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் என்னவென்று செலக்டருக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் நிஜமாகவே அவரிடம் டீம் லிஸ்ட் கேட்கிறார். இடக்கையாரின் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அந்த வீட்டில் கடிகாரத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. இங்கே வந்தால் திட்டுவதற்காவது ஓர் ஆள் இருந்தார். அதையும் பிடுங்கிவிட்டால் அந்த மனுஷன் எதற்கு விடிந்தது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

"மூணு வாரம் குடுங்க மேடம்," என்றார்.

மறுநாள் காலை வருகைப் பதிவேட்டில் இடக்கையார் கையெழுத்துப் போட்டபோது செலக்டர் அந்த வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றாக இருந்த கை அது. அந்தத் தோளில் ஒரு குறையும் இல்லை. இடக்கையார் வலது முனையைத் தூக்கினால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அப்படித் தூக்கினால் செலக்டர் இடது கைக்கு மாற வேண்டும். அது மட்டுமா? 'உன் தோள் போச்சு, அதனால மாறிக்கலாம்' என்று சொன்னால் இடக்கையார் அந்த நிமிஷமே ராஜினாமா எழுதிவிடுவார். ரோஷக்காரர்.

"யோவ், எனக்கு ஒரு உதவி பண்ணணும்," என்றார் செலக்டர், வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. "யார்கிட்டயும் சொல்லாத. மணிக்கட்டு போச்சு. நீ வலது கையில ஆரம்பிச்சின்னா நான் இடதுல சமாளிச்சுப்பேன். இல்லன்னா டெஸ்டுல அவ்வளவுதான் நான்."

இடக்கையார் பதறிவிட்டார். "மொதல்லயே சொல்றதுக்கென்ன? வா, இப்பவே பழகுவோம்."

முதல் பத்து பெட்ஷீட்டும் கந்தல்கோலம். பழக்கத்தில் செலக்டரின் வலது கை தானாக எழும்பும். துணி குறுக்கே முறுக்கிக்கொண்டு இரண்டு பேர் மூஞ்சியிலும் வந்து விழும். இஸ்திரிக்காரர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். "இடக்கை பொறப்புல வரணும்னு யாரோ சொன்னாங்களே," என்றார். செலக்டர் அவரை முறைத்த முறைப்பில் அந்த மனுஷன் ரேடியோ வால்யூமைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

வீட்டில் செலக்டர் இடது கையால் பல் தேய்த்தார். இடது கையால் சட்டைப் பட்டன் போட கால் மணி நேரம் எடுத்தார். இடது கையால் டீ எடுத்து மடியில் கொட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் மனைவி அவர் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"என்னங்க, வலது கை இழுத்துக்கிச்சா? வாயைத் திறங்க, கோணுதா பாக்கிறேன்."

"சும்மா இரு. கோணல."

"பேசுறது குழறுதா? எதாவது பேசுங்க!"

செலக்டரைப் பேசச் சொல்லி அந்த வீட்டில் யாரும் கெஞ்சியது அதுதான் முதல்முறை. அவரும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மனைவி எழுந்து போய்க் கட்டிலில் இருந்த பெட்ஷீட்டை உருவிக்கொண்டு வந்து, ஒரு பக்கத்து இரண்டு முனையை அவரிடம் நீட்டினார்.

"நான் வலது கைக்காரி. உங்களுக்கு எதிர நிக்க சரியா இருக்கும். பிடிங்க."

தினம் சாயங்காலம் ஹாலில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு மடித்தார்கள். மடித்ததை உதறி, உதறியதை மறுபடி மடித்தார்கள். "கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். ஆஸ்பத்திரி பூராவுக்கும் பெட்ஷீட் மடிச்ச மனுஷன், வீட்டுல ஒண்ணு மடிச்சதில்ல," என்றார் மனைவி. செலக்டர் தன் பக்கத்து முனையை விறைப்பாக இழுத்தார். இரண்டாம் வாரக் கடைசியில் வலது கை எழும்புவதை மறந்தது.

டெஸ்ட் அன்று மேடம் கையில் கடிகாரத்தோடு நின்றார். செலக்டரின் இடது கையும் இடக்கையாரின் வலது கையும் சுவர்ப் பக்கம் ஒன்றாக எழுந்தன. இடக்கையாரின் தொங்கிய இடது கை இடுப்பு உயரத்தில் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதுமாக இருந்தது. இருபத்தேழாவதில் ஒரு முனை நழுவியது. "விடாத விடாத," என்று இஸ்திரிக்காரர் எல்லைக்கோட்டில் நிற்பவர் போலக் கத்தினார். நாற்பதாவதை அடுக்கின் மேல் வைத்தபோது பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது. மேடம் அடுக்கின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு முனைகூடத் தொங்கவில்லை.

அவர் செலக்டர் பக்கம் குனிந்தார். "உங்க லிஸ்ட்ல இவர் இருக்காரா?"

"முதல் பேரே அவருதான் மேடம்."

மேடம் எழுதிக்கொண்டு போனார். எல்லாரும் டீ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்போதுதான் ரேடியோவில் பெரிய போட்டிக்கான டீமை வாசித்தார்கள். பதினைந்து பேர். கேப்டன் பேர் இல்லை. தோள் காயம் காரணமாக நீக்கம் என்றார்கள்.

எல்லாரும் செலக்டரைப் பார்த்தார்கள். ஒரு மாதமாகச் சொன்னது அப்படியே பலித்திருக்கிறது. இனி ஒரு வருஷத்துக்கு இந்த ஆளைப் பிடிக்க முடியாது என்று இஸ்திரிக்காரர் பெருமூச்சு விட்டார்.

"அறிவிருக்கா இவனுங்களுக்கு?" என்று கத்தினார் செலக்டர். "பதினஞ்சு வருஷம் ஆடினவரை ஒரு தோளுக்காகத் தூக்குவானுங்களா? ஆளுக்கு ஒரு தோளா இருக்கு? கூட நிக்கிறவன் கொஞ்சம் மாத்தி நின்னா ஆகாதா? இதெல்லாம் ஒரு செலக்‌ஷனா!" மேஜையில் வலது கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார். நாலு டீ டம்ளரும் துள்ளின. ஆத்திரம் தீராமல் இன்னொரு அடியும் அடித்தார்.

இடக்கையார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பார்த்தார்.

"மணிக்கட்டு போச்சுன்னியே, இந்தக் கைதானே?"

செலக்டர் கையை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார்.  

இடக்கையாருக்குக் கண் கலங்கியிருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. பிறகு எழுந்து, மெஷினிலிருந்து வந்து விழுந்த சூடான குவியலிலிருந்து ஒரு பெட்ஷீட்டை உருவினார்.

"பாசம் வேற, டீம் வேறன்னு எவனோ சொல்லிட்டுத் திரிஞ்சான்," என்றார். "எந்திரி. இடது கையில பிடி."

செலக்டர் எழுந்துபோய் எதிரே நின்றார்.