நடு பிளக்கில் ஒரு கீறல்

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் ஷெட் வைத்திருக்கும் சர்தார் பாஷாவுக்கு, மிஸ்ஸிங் கேஸ் என்றால் மற்ற மெக்கானிக்குகளே வண்டி அனுப்புவார்கள். ஓடுகிற இன்ஜின் நடுநடுவே விக்கி விக்கி ஓடுவதைத்தான் மிஸ்ஸிங் என்பது. பானெட்டைத் தூக்காமலே, டீ கிளாஸும் கையுமாக நின்று, "மூணுல ஒண்ணு வேலை செய்யல பா" என்பார். முப்பத்தோரு வருடமாக அந்தப் பேரில்தான் சாப்பாடு. தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. என் கை செய்த தப்பு என்று சொல்ல அதைவிட வராது.

சம்பத்தின் வெள்ளைக் கார் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய பழைய வண்டி. அவருக்கு ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமம். சம்பத் ஷூ கம்பெனியில் ஷிப்ட்டுக்குப் போகிறவர். வண்டியை ஓட்டியது பெரும்பாலும் அவர் மனைவி சௌந்தரம். நாற்பத்து நாலு வயதில் லைசென்ஸ் எடுத்தவள். கம்பெனியிலிருந்து ஷூ மேல்தோல் கட்டுகளை ஏற்றிப்போய், ஊரில் பதினாலு வீட்டுப் பெண்களிடம் கைத்தையலுக்குக் கொடுத்து, தைத்ததைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாள்.

ரம்ஜான் மாதத்தில் ஒரு சாயங்காலம் அந்த வண்டிக்கு பாஷா சர்வீஸ் செய்தார். சிலிண்டருக்குள் தீப்பொறி போடும் மூன்று பிளக்கும் புதுசு. பத்து நாளில் சம்பத்தும் சௌந்தரமும் வண்டியோடு திரும்பி வந்தார்கள்.

"மூட்டை ஏத்தினா மேட்டுல விக்குது பாய்" என்றாள் சௌந்தரம்.

பாஷா காலி வண்டியை எடுத்து ஒரு ரவுண்டு போய் வந்தார். ஒன்றும் தெரியவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். தானே போட்ட புது பிளக், அதில் என்ன இருக்கப்போகிறது? எதிர் டீக்கடை பெஞ்சில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டியில ஒண்ணும் இல்ல சம்பத்து. டாப் கியர்லயே மூட்டையோட மேடு ஏறினா இன்ஜின் இன்னா பண்ணும்? அது விக்கல, அழுவுது" என்றார் பாஷா.

"அவங்க ஓட்டினா இன்ஜின் மட்டுமா பாய், ரோடே அழுவும்!" என்றான் டீக்கடை அதாவுல்லா. பெஞ்சே சிரித்தது. சம்பத்தும் சிரித்தார்.

"நான் ரெண்டாவது கியர்லதான் ஏத்தினேன்" என்றாள் சௌந்தரம். யார் காதிலும் விழவில்லை. சம்பத் அவள் கையிலிருந்த சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒடுகத்தூர் பஸ் நிற்கும் இடத்தில், இடுப்பில் ஒரு கட்டும் காலடியில் ஒரு கட்டுமாக அவளை பாஷா நாலைந்து தடவை பார்த்தார். "நல்லாக்கீறீங்களா பாய்?" என்று அவள்தான் முதலில் கேட்பாள். வண்டி கெடாமல் இருந்தால் அவர்களுக்கும் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

மூன்று மாதம் கழித்து சம்பத் மட்டும் வண்டியோடு வந்தார். "நான் ஓட்டினாலும் விக்குது பாய். நாலு பேரை ஏத்திக்கினு கல்யாணத்துக்குப் போனேன், பாலாத்துப் பாலம் ஏறுறதுக்குள்ள பேஜாராய்ட்ச்சு. ரிங்கு போயிருக்கும். சரி பண்ணிக் குடுங்க, வித்துடலாம்."

நான் ஓட்டினாலும் என்ற சொல்லைக் கேட்டதும் பாஷா பானெட்டைத் தூக்கினார். சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரஷன் பார்த்தார். இத்தனை ஓடியும் மூன்று சிலிண்டரும் திடமாக இருந்தன. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் பிஸ்டன் ரிங் போகவில்லை. சம்பத்தை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை மிதித்தபடியே கிளட்ச்சைக் கொஞ்சம் விடச் சொன்னார். சுமை ஏறியதும் விக்கல் ஆரம்பித்தது. பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முதல் வயரைப் பிடுங்கினால் இன்ஜின் தள்ளாடியது. மூன்றாவதுக்கும் அப்படியே. நடு வயரைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. வேறு வயர் போட்டும் நடு சிலிண்டர் உயிர் பெறவில்லை. மிச்சம் இருப்பது பிளக்தான்.

சம்பத் டீ குடிக்கப் போனதும் அதைக் கழற்றினார். வெள்ளைப் பீங்கானில் பேனாவால் இழுத்த மாதிரி மெல்லிய கறுப்புக் கீறல். சுமை ஏறும்போதெல்லாம் தீப்பொறி உள்ளே வெடிக்காமல் அந்தக் கீறல் வழியாக வெளியே ஓடியிருக்கிறது.

அவருக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியிருந்தது. பிளக்கை இறுக்க, ஸ்பானர் சாய்ந்தபடி ஒரே இழுப்பு. 'டிக்' என்று சத்தம். கேட்டார். நன்றாகவே கேட்டார். நோன்புக் களைப்பு என்று ஒரு சாக்கு மனதில் எழுந்தது. தண்ணீர் குடிக்காதவனுக்குக் காதுமா அடைத்துவிடும்?

புது பிளக் போட்டு அனுப்பினால் பத்து நிமிட வேலை. ஒருவருக்கும் தெரியாது. அலமாரியிலிருந்து எடுத்தும்விட்டார். அப்போது சம்பத் திரும்பி வந்தார். "ஆச்சா பாய்? சீக்கிரம் வித்துட்டா அவளுக்கும் ஓட்டுற ஆசை விட்டுப்போவும்."

பாஷா கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "வீட்ல அவங்களை வரச் சொல்லு சம்பத்து."

"அவ எதுக்கு?"

"வரச் சொல்லுப்பா."

கம்பெனியில் கட்டுகளை இறக்கிவிட்டு சௌந்தரம் நடந்தே வந்தாள். டீக்கடை பெஞ்சில் அன்றைக்கு இருந்தவர்களில் இரண்டு பேர் இருந்தார்கள். பாஷா பிளக்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"உங்க டிரைவிங்ல ஒண்ணும் இல்லம்மா. நான் டைட் பண்ணச்சொல்ல என் கையாலதான் ஒடைஞ்சிருக்குது. உங்க மேல சொன்னது தப்பு." அதாவுல்லாவுக்கும் கேட்கட்டும் என்று உரக்கத்தான் சொல்ல நினைத்தார். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

அவள் பிளக்கைத் திருப்பிப் பார்த்தாள். "ஒடைஞ்சது அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "சத்தம் கேட்டுச்சு" என்றார்.

"கேட்டுச்சா." அவ்வளவுதான் அவள் சொன்னது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

புது பிளக் போட்டதும் அவள் கணவனைப் பார்த்துக் கையை நீட்டினாள். சம்பத் சட்டைப் பையைத் தடவிச் சாவியைக் கொடுத்தார். மூன்று மாதமாக ஓட்டாததில் பழக்கம் விட்டுப்போயிருந்தது; ஷெட் வாசல் மேட்டிலேயே வண்டி குலுங்கி நின்றது. "பாத்தியா பாய், ரோடு..." என்று அதாவுல்லா ஆரம்பித்தான்.

"வாயை மூடு" என்றார் பாஷா. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அவள் மறுபடி ஸ்டார்ட் செய்தாள். சம்பத் சுற்றி வந்து முன்கதவில் கை வைத்தார்.

"நீங்க பஸ்ஸுல வாங்க" என்றாள்.

வண்டி விக்காமல் மேடு ஏறி பைபாஸில் திரும்பியது. ஒடுகத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.