கல்யாணக் காரில் சிக்கிய ராட்செட் ஸ்பேனர்

1. கொடுத்த வாக்கு

கார் எங்கள் ஷெட்டுக்குள் உருண்டு வந்தபோது பானெட் இடுக்கில் ஆவி பறந்தது. அதன் மேல் கட்டியிருந்த மல்லிகைச் சரம் வெந்து சுருண்டு கிடந்தது. பின்சீட்டில் கல்யாணப் பெண். பென்னாகரத்துக் கோயிலில் பதினோரு மணிக்கு முகூர்த்தம். அப்போது மணி எட்டரை.

அதியமான்கோட்டையில் நானும் நிசாரும் கூட்டாகக் கார் ஷெட் நடத்துகிறோம். பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஃபேன் பெல்ட் அறுந்து நார் நாராகத் தொங்கியது. பெல்ட்டைத் தாங்கி ஓடும் ஐட்லர் புல்லி என்கிற சின்னச் சக்கரத்தில் பேரிங் ஜாம். பெல்ட் போனால் வாட்டர் பம்ப் சுற்றாது, இன்ஜின் கொதித்துவிடும்.

பெண்ணின் தாய்மாமன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பதறினார். "வேற வண்டி சொல்லிரட்டுங்களா? தர்மபுரில நம்ம ஆளு ஒருத்தரு இருக்காரு."

"வேண்டாங்க. ஒரு மணி நேரத்துல நானே அனுப்பி வெக்கறன்" என்றேன்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம், முந்தின வாரம் வாங்கியிருந்த ராட்செட் ஸ்பேனர் செட். சாதா ரிங் ஸ்பேனரை இடுக்கில் கொஞ்சம் திருப்பி, கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி திருப்ப வேண்டும். ராட்செட்டில் வளையத்துக்குள் பல் இருக்கிறது. மாட்டியது மாட்டியபடி கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். ஒரு பக்கம் திருகும். மறுபக்கம் டிக் டிக் என்று சும்மா வரும்.

நிசாருக்கு அது பிடிக்கவில்லை. "பல்லு வெச்ச சாமானெல்லாம் ஒரு நாளு கடிக்கும் மாப்ளே" என்று வாங்கின அன்றே சொல்லியிருந்தான்.

2. சத்தம் நின்றது

புதுப் புல்லியும் பெல்ட்டும் வாங்க நிசார் வண்டியை எடுத்துக்கொண்டு தர்மபுரிக்கு ஓடினான். நான் பழையதைக் கழற்ற உட்கார்ந்தேன்.

இறுகிய போல்ட்டை முதலில் சாதா ரிங் போட்டுத்தான் இளக்கினேன். எடுத்த எடுப்பிலேயே ராட்செட்டைப் போட்டு அழுத்தினால் பல் வழுக்கி, விரல் முட்டி பெயர்ந்துவிடும். அது எனக்குத் தெரியும். இளகிய பிறகு பதினாலாம் நம்பர் ராட்செட்டை மாட்டினேன். டிக் டிக் டிக். என்ன சுகம்! கை இரண்டு விரல்கடை அளவுதான் அசைகிறது, போல்ட் தானாக வெளியே வருகிறது. தாய்மாமனைப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தேன்.

ஒன்றை மட்டும் பார்க்கத் தவறினேன். அந்தப் போல்ட் நீளமானது. அதன் தலைக்கு எதிரே உள்ளங்கை அகல இடைவெளியில் சேஸிஸ் சட்டம். போல்ட் வெளியே வர வர, ஸ்பேனரையும் கூடவே தள்ளிக்கொண்டு போய்ச் சட்டத்தோடு ஒட்டவைத்துவிட்டது. முன்னால் போக இடமில்லை. பின்னால் திருகலாம் என்றால் என் செட்டில் ரிவர்ஸ் லீவர் கிடையாது. ஸ்பேனரைக் கழற்றித் திருப்பிப் போட்டால்தான் மறுபக்கம் திருகும். கழற்றத்தான் முடியவில்லையே!

கார் ஜன்னல் வழியாகப் பெண் தலையை நீட்டினாள். கௌசல்யா என்று பெயர். "என்னங்கண்ணா, சத்தம் நின்னுருச்சு?"

மணி ஒன்பதே கால். நிசார் பையோடு வந்து இறங்கினான். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். ஸ்பேனரை ஆட்டிப் பார்த்தான். அப்புறம் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விஷயம் தெரிந்து கௌசல்யாவும் சிரித்தாள். தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை.

"பாய், முகூர்த்தங்க!"

"நேரத்துக்குப் போயிருவீங்க மாமா. போல்ட்டு நகராது, சட்டமும் நகராது. இன்ஜினை நகத்திருவோம்" என்றான் நிசார்.

3. பதினேழாம் நம்பர்

இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்தோம். இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் அந்தப் பக்கத்து மவுண்டிங் நட்டைக் கழற்றினால் இன்ஜினைக் கொஞ்சம் தூக்கலாம்; புல்லி சட்டத்துக்கு மேலே வந்துவிடும். அந்த நட்டோ பேட்டரிக்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவில், குழிக்குள். வெளிச்சம் போதவில்லை. கௌசல்யா இறங்கி வந்து, வளையல் குலுங்கச் செல்போன் லைட்டைப் பிடித்தாள்.

"சீலைல கறை பட்ரும் கண்ணு" என்றார் தாய்மாமன்.

"பட்டா படட்டும் மாமா. போட்டோல கழுத்துக்கு மேலதான எடுப்பாங்க!"

நிசார் சாதா ரிங் ஸ்பேனரால் நட்டை இளக்கினான். பிறகு அதே ஸ்பேனரால் திருகிப் பார்த்தான். நாலு தடவை கழற்றி மாட்டியும் நட்டு அரைச் சுற்றுகூட வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினான்.

"அந்தப் பதினேழக் குடு."

"எந்தப் பதினேழு?"

"கடிக்கிறதுதான். குடுடா!"

டிக் டிக் டிக். இரண்டே நிமிடத்தில் நட்டு அவன் கைக்கு வந்தது. நான் ஜாக்கியை அழுத்தினேன். இன்ஜின் மெல்ல எழும்பியது. போல்ட் தலை சட்டத்தைத் தாண்டியதும் மிச்ச மரையையும் திருகி, போல்ட்டையும் ஸ்பேனரையும் ஒன்றாக உருவினேன். கௌசல்யா கைதட்டினாள்.

புதுப் புல்லிக்குப் போல்ட்டை முதலில் கையாலேயே மரை பிடிக்க வைத்து, கடைசி முறுக்கு சாதா ரிங்கால் கொடுத்தேன். மவுண்டிங்கை மாட்டி, பெல்ட் போட்டு, தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்தோம். சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. ஒன்பது ஐம்பதுக்குக் கார் கிளம்பிவிட்டது.

ராட்செட் ஸ்பேனர் வாங்கலாமா என்று இப்போது கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாங்குங்கள். இடுக்கு வேலையில் பாதி நேரம் மிச்சம். ஆனால் ரிவர்ஸ் லீவர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய ரிங் செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இளக்குவதும் கடைசியில் இறுக்குவதும் அதன் வேலை. திருகுவதற்கு முன், போல்ட் வெளியே வர இடம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். சாமானுக்குப் பல் இருக்கலாம், கண் கிடையாது. கண் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று பதினோரு மணி தாண்டி, மரத்தூளைப் போட்டுக் கைக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். தாய்மாமன்தான். போனை மேளக்காரர் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறார். கெட்டிமேளம் ஷெட் முழுக்க அதிர்ந்தது.

நிசார் கையிலிருந்த மரத்தூளை அட்சதை மாதிரி போன் மேல் வீசினான். நானும் ஒரு பிடி அள்ளி வீசினேன்.