சித்திரையில் கைமாறிய வயல்

பெரியப்பாவை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன்தான்.

கான்சாபுரம் கண்மாய்க்குக் கீழே எங்களுக்கும் அவருக்கும் பொதுவில் இரண்டு வயல். மேல வயலுக்கு மடைத்தண்ணீர் முதலில் பாயும். கீழ வயலுக்கு மிச்சம்தான். சண்டை வரக் கூடாதென்று வருசாவருசம் சித்திரையில் வயலை மாற்றிக்கொள்வது வழக்கம். அப்பா பட்டாளத்துக்குப் போன பிறகு எங்கள் பயிரை அம்மா பார்த்தாள்.

வயல் கைக்கு வந்ததும் அம்மா கொழிஞ்சி விதைப்பாள். ஆடு மாடு வாய் வைக்காத செடி. அது பூக்கும்போது மடக்கி உழுது, சேற்றில் மிதித்து, அழுகவிட்டுத்தான் நடவு. பயிர் வேர் பிடித்ததும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வண்டியில் மூட்டையாக வரும் சீமை உரத்தைக் கொஞ்சமாக மண்ணில் கலந்து தூவுவாள். தழையும் வேண்டும், மூட்டை உரமும் வேண்டும் என்பது அவள் கட்சி. மிதித்து மிதித்து அவள் பாதம் வெடித்துக் கிடக்கும்.

மறு சித்திரையில் அந்த வயல் பெரியப்பாவுக்குப் போய்விடும். அவர் ஒரு தழை போட்டதில்லை. மூட்டையைப் பிரித்து வீசுவார், அவ்வளவுதான். அம்மா ஊட்டி வைத்த மண், அவருக்கும் விளைந்தது.

"பாத்தியளா, மூட்டை ஒரம் ஒண்ணே போதும். இவ என்னத்துக்குத் தழையை மிதிச்சிக்கிட்டு கெடக்கா?" என்று களத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்தார். அவர் உறிஞ்சிப் போட்ட வயல் எங்களுக்கு வந்து சேரும்.

அம்மா பாகம் பிரிக்கக் கேட்டாள்.

"தம்பி பட்டாளத்துல கெடக்கையில பங்கு பிரிக்கவா? ஊரு சிரிக்கும்மா" என்றார். எவ்வளவு பாசம்!

அந்த வருசம் அம்மா கொழிஞ்சி விதைக்கவில்லை. அவரைப் போலவே மூட்டையை மட்டும் வீசினாள். விளைச்சல் விழுந்தது, கேப்பைக் கூழில் ஒப்பேற்றினோம். மறு சித்திரையில் அந்த வயல் பெரியப்பா கைக்குப் போனது. பயிர் முதலில் கருகருவென்று நின்றது. அறுத்துத் தூற்றினால் பாதி பதர்.

களத்து வேலை முடியுமுன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். "பிரிச்சிருவோம்மா. தம்பி வார வரைக்கும் எதுக்குக் காத்துக் கெடக்கணும்?"

இப்போது ஊர் சிரிக்காதாம். மேல வயலை அவரே எடுத்துக்கொண்டார். மூத்தவராம்.

கீழ வயலில் அம்மா மறுபடி மிதித்தாள், கூட நானும் மிதித்தேன். மிச்சத் தண்ணீரிலேயே எங்கள் நெல் அவர் நெல்லை விட நன்றாக விளைந்தது. சில வருசம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் ஓலைப்பெட்டியோடு வந்து நின்றார்.

"கொழிஞ்சி வெதை கொஞ்சம் குடும்மா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அம்மா நாலு கேள்வி கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் பெட்டி நிறைய அள்ளிப் போட்டாள். "பூக்கவும் மடக்கி உழுதிருங்க அத்தான். மூட்டை ஒரத்தைப் பாதியாக் கொறைச்சிருங்க."

அவர் தெரு திரும்பியதும் கத்தினேன். "எதுக்குக் குடுத்த?"

"ஏட்டி, அவிய செஞ்சதுக்கு வயலு என்ன பண்ணும்?" என்றாள் அம்மா.

எனக்கு இன்னும் ஆறவில்லை.