பின்வாசலில் ஒரு நெயில் எக்ஸ்டென்ஷன்

முதல் நாள் வகுப்பில் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் கையைக் கொடுத்தார்கள். அருமையான கை. தும்மாது, நடுவில் செல்போனை எடுக்காது, ‘நீ எந்தத் தெருப் பொண்ணு?’ என்று கேட்காது. சென்னையில் அந்தப் பயிற்சி மையத்தில் எல்லாப் பாடமும் அந்தக் கையில்தான். கள்ளக்குறிச்சிக்கு வந்து கடை போட்ட பிறகுதான் தெரிந்தது, கைக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பாள், அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு அத்தை இருப்பாள் என்று.

இப்போது என்னிடம் தொழில் கற்க வருகிற பெண்கள் முதலில் கேட்கும் கேள்வி, “எத்தினி நாள்ல கத்துக்கலாம்க்கா?” ரீல்ஸ் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் அரை நிமிஷத்தில் பத்து விரலும் முடிந்து பாட்டும் முடிந்துவிடுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை இதுதான்

நகம் தொடங்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை புஷர் என்ற சின்னக் கம்பியால் பின்னால் தள்ள வேண்டும். நகத்தின் மேல் பளபளப்பை ஃபைல் போட்டு எடுக்க வேண்டும். அளவு மீறித் தேய்த்தால் நகம் காகிதமாகிவிடும். எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. நம் ஜனம் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு நேராக வந்து உட்கார்ந்து, “இன்னாம்மா, ஒட்ட மாட்டேங்குது?” என்று நம்மையே கேட்கும். பிறகு டிப் என்கிற செயற்கை நகத்தை ஒட்டி, பேஸ் கோட், கலர், டாப் கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் கையை லேம்ப்புக்குள் வைத்து இறுக விட வேண்டும். ஜெல் தோலில் பட்டால் அரிப்பு வரும், அதனால் பிரஷ் நடுங்கக் கூடாது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடைக்கு மேல் மாடியில் என் கடை. திறந்த அன்று கீழ்க் கடைக்காரர் அண்ணாந்து போர்டைப் படித்துவிட்டு, “நகத்துக்கு ஒரு கடையா? பல்லால கடிச்சிப் போட்டா போச்சி!” என்றார். பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். “சென்னைக்கிப் போயி படிச்சிட்டு வந்து ஊரான் கால் நகத்தைச் சொரண்டிக்கினு கீறா” என்று சொந்தக்காரர் வீடு வீடாகச் சொன்னார். பிறகு தன் மகள் கல்யாணத்துக்கு நகம் போடச் சொல்லி என் கடையில் வந்து நின்றதும் அவர்தான். என் முதல் வாடிக்கையாளர் கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்த ஒரு நர்ஸ் மாணவி. ரோஸ் கலர் போட்டுக்கொண்டு, திரும்பும்போது துப்பட்டாவுக்குள் கையை ஒளித்துக்கொண்டு போனாள்.

மாட்டுக் கொட்டகை

சின்னசேலம் பக்கம் எங்கள் ஊர். ஊரில் பெரிய குடும்பம் ரைஸ் மில் வைத்திருக்கும் மெஷின்காரர் வீடு. அவர்கள் நிலத்தில்தான் என் அம்மா நடவும் களையும் செய்கிறாள். அந்த வீட்டுப் பெண் காவியா காலேஜ் படிக்கும்போதே என் கடைக்கு வந்து போனவள். என்னை வாய் நிறைய அக்கா என்பாள். திருக்கோவிலூரில் மாப்பிள்ளை முடிவாகி, பந்தக்காலும் நட்டாயிற்று. பந்தக்கால் நட்டபின் பெண் வீட்டுப் படி தாண்டக் கூடாது. அதனால் என்னை வீட்டுக்கே வரச் சொன்னாள்.

கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “போயிட்டு வா. ஆனா அங்க வாயத் தொறக்காத. அடுத்த வாரம் நடவு. அவங்க கூப்புடலன்னா நான் எங்கடி போவேன்?”

வாசலில் காவியாவின் அத்தை நின்றிருந்தார். கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இந்தாண்ட இன்னா வேல? பின்னாடி சுத்தி வா” என்றார். சுற்றிப் போனேன். மாட்டுக் கொட்டகையில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். லேம்ப்புக்கு பிளக் பாயின்ட் இல்லை. சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக் கொடுத்தார்கள். கரண்ட்டுக்கு மட்டும் அந்த வீட்டிலிருந்து என்னிடம் வர அனுமதி இருந்தது.

காவியா முகம் சுண்டிப்போய் எதிரில் உட்கார்ந்தாள். அத்தை தள்ளி நின்று ஒவ்வொரு விரலாகக் கண்காணித்தார். கொஞ்ச நேரத்தில் பொறுக்க முடியாமல், “ஏம்மா, கையத் தொடாம போட முடியாதா?” என்றார்.

“முடியாதுங்க. நகம் கையிலதான கீது” என்றேன்.

பக்கத்தில் பசு மூத்திரம் பெய்தது. காவியா சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். பால் வெள்ளையில், நுனியில் மெல்லிய தங்கக் கோடு இழுத்து முடித்தேன். என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. கிளம்பும்போது, “நலங்கு வெச்சா முழங்கைக்கி மேல வைங்க. நகத்துல மஞ்சள் படக் கூடாதுங்க. வெள்ளை கலரு, புடிச்சிக்கும்” என்று அத்தையிடமே சொன்னேன். மாட்டிடம் சொல்லியிருக்கலாம்.

பத்து எலுமிச்சம்பழம்

மறுநாள் காலையில் வீடியோ காலில் காவியா அழுதாள். பத்து நகமும் பழுத்த எலுமிச்சம்பழமாக இருந்தன.

“நீங்க போனதும் அத்தை மஞ்சளைக் கரைச்சி, கைய அதுல ஊற வெச்சி, தேய் தேய்னு தேச்சாங்கக்கா. நீங்க தொட்ட தீட்டு போணுமாம். சாயந்திரம் மண்டபத்துக்குப் போவணும், நான் எப்படிக்கா போவேன்?”

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே உடம்பெல்லாம் எரிந்தது. அதற்குள் அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“இன்னா பெயின்ட்டு அடிச்ச நீ? ஒரு ராத்திரிகூட தாங்கல!”

“பெயின்ட்டு நல்லாத்தான் கீதுங்க. அதுக்கு மேல உங்க மஞ்சள்தான் கீது.”

“பேசிக்கினு நிக்காத. வந்து சரி பண்ணிட்டுப் போ. பின்னாடி சுத்தி வா.”

“பின்னாடி வர மாட்டேங்க. முன்வாசல்ல வந்து கூடத்துல உக்காந்து பண்றேன். இல்லன்னா பொண்ணை என் கடைக்கி இட்டுக்கினு வாங்க.”

போன் கட் ஆனது. படி தாண்டக் கூடாதவள் உள்ளே, படி ஏறக் கூடாதவள் வெளியே. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, “போச்சி, நடவு போச்சி” என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் பயம்தான். ரோஷத்தில் பேசியது நான், வேலை போவது அவளுக்கு. மறுபடி போன் போட்டு மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

மத்தியானம் காவியா கூப்பிட்டாள். “முன்வாசல்லயே வாங்கக்கா. அப்பா சொல்லிட்டாரு.” மோதிரம் மாற்றும்போது கையை குளோசப்பில் எடுக்கப்போவதாக போட்டோகிராபர் சொன்னாராம். அப்பாவுக்குத் தீட்டைவிட ஆல்பத்தின் மேல் பயம் ஜாஸ்தி. எத்தனையோ பேர் மேடை போட்டுப் பேசியும் திறக்காத வாசலை ஒரு கேமராக்காரர் திறந்துவிட்டார்.

கூடத்தில்

போனேன். ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். தூசி ஒட்டும் என்று ஃபேனை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். மஞ்சள் கறை மேலே இருந்த டாப் கோட்டோடு நின்றிருந்தது, கலருக்கு இறங்கவில்லை. பஃபர் கட்டையால் மெல்லத் தேய்த்து அந்த ஒரு கோட்டை மட்டும் எடுத்தேன், கறையும் போனது. புது டாப் கோட் போட்டு லேம்ப்பில் வைத்து எடுத்ததும் காவியா இரண்டு கையையும் விரித்துப் பார்த்து, “அப்பாடா!” என்றாள். எனக்கும் உயிர் வந்தது. சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நின்று வாயைப் பிளந்தார்கள்.

பெட்டியை மூடப் போனேன். எதிர் நாற்காலியில் அத்தை வந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல், கையை மேஜைமேல் வைத்தார்.

“எனக்கும் லைட்டா ஒரு கலரு போட்டு வுடேன். மண்டபத்துல நாலு பேரு பாப்பாங்க.”

நகக் கண்ணெல்லாம் நேற்றைய மஞ்சள் அப்பியிருந்தது. நான் என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

“மொதல்ல கையக் கழுவிக்கினு வாங்கம்மா. சோப்பு போட்டு. கழுவாத கையை நான் தொடறதில்ல.”

அத்தை என்னை முறைத்தார். பிறகு காவியாவின் விரல்களை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து பின்பக்கக் குழாய்க்குப் போனார். கழுவிக்கொண்டு வந்தார். அதன்மேல் நான் ஸ்பிரிட்டும் அடித்தேன்.

அம்மாவை நடவுக்குக் கூப்பிட்டார்களா என்று கேட்பீர்கள். நடவு வந்ததும் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு, மூன்றாம் நாள் ஆள் விட்டார்கள். வயலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது, வேறு ஆளும் கிடைக்கவில்லை.

கற்க வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். ஜெல்லும் லேம்ப்பும் யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். எதிரில் உட்காருவது யாராக இருந்தாலும், கையைக் கழுவச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சொல்லும்போது குரல் நடுங்கினால் பரவாயில்லை. அன்றைக்கு எனக்கு நடுங்கியது, சொல்லிவிட்டேன்.