கடலைச் சீரும் பேத்தியின் காதுகுத்தும்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் மாரண்டஹள்ளிப் பக்கம் கடலைக்காயைக் காதருகே குலுக்கியே எண்ணெய் எவ்வளவு இறங்கும் என்று சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. எண்ணெய் மில், மாடி வீடு, கார் எல்லாம் கடலை கொடுத்தது. அப்படிப்பட்டவன் வீட்டில் பிறந்த பேத்திக்குக் கடலை ஆகாது.

ஒன்றரை வயதில் கடலை மிட்டாயை ஒரு தரம் நக்கியது. உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடிப் பிழைத்தது. "ஒரு துளிகூட ஆகாது. கடலை தொட்ட கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். மறுபடி வீங்கினால் யோசிக்காமல் கொண்டு வாருங்கள்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து மில்லிலேயே குளித்து வேட்டி மாற்றாமல் நான் வீட்டுப் படி ஏறியதில்லை. "கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தாப் பழகிடுங்க" என்ற சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பினேன்.

மூன்று வயதில் காதுகுத்து வைத்தோம். என் மில் எண்ணெய் சமையலுக்குள் வரக் கூடாது என்று நானே உத்தரவு போட்டேன். தன் சரக்கைத் தானே தடை செய்ய இந்த ஜில்லாவில் வேறு எவனுக்குத் துணிச்சல் வரும்?

மருமகளின் அண்ணன், அதாவது குழந்தையின் தாய்மாமன், மேளத்தோடு சீர் கொண்டுவந்தான். இருபத்தோரு தட்டு. முதல் தட்டில் கடலை உருண்டைக் கோபுரம். அடுத்து வறுத்தது, அதற்கடுத்து அவித்தது. கடைசியில் எனக்குப் போட, கடலைக்காயைக் கோத்து ஆளுயர மாலை.

தெருவிலேயே மறித்தேன். மேளம் நின்றது.

"ஏன் மாப்ளே, புள்ளைக்குக் கடலை ஆகாதுன்னு சொன்னமா இல்லியா?"

"புள்ளைக்குத்தானுங்க மாமா ஆகாது? சீரு உங்க பெருமைக்குங்க. உருண்டை பூரா நானே என் கையால புடிச்சதுங்க."

அந்தக் கைதான் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய கை.

சீரைத் திருப்பினால் உறவு அறும். உள்ளே விட்டால் உயிர் போகும். நான் யோசித்தது ஒரு நொடிதான்.

"அடிங்கப்பா மேளத்தை! சீரு மில்லுக்குப் போவுட்டும்!"

இருபத்தோரு தட்டும் வீட்டைத் தாண்டி ஊர்வலம் போயின. எடை மேடையில் வைத்து முறையோடு வாங்கினேன். மாலையையும் போட்டுக்கொண்டேன், விடுவேனா? பிறகு எல்லோரையும் சோப்புப் போட்டுக் குளிக்க வைத்து, தீபாவளிக்கு வேலையாட்களுக்கென வாங்கிய சேலை, வேட்டிகளைக் கொடுத்தேன். நான் இரண்டு தரம் குளித்தேன்.

மேளக்காரர் மட்டும் முரண்டு பிடித்தார். "நாங்க தட்டைத் தொடலீங்களே?"

"வாயில என்ன?"

விழுங்கிவிட்டு, வாய் கொப்பளித்து, அவரும் குளித்தார்.

ஒரே நிறச் சேலையில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். வாசலில் கார் என்ஜினை ஓடவிட்டு டிரைவரைத் தயாராக உட்கார வைத்திருந்தேன். "புள்ள அலறுச்சுன்னா ஒரு நொடி நிக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தேன்.

ஆசாரி குத்தினார். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டது. அத்தனை பேரும் எட்டிப் பார்த்தது காதை இல்லை, உதட்டை.

"ஒண்ணும் வீங்கலீங்க மாமா" என்று தாய்மாமன் அழுதுவிட்டான்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். காரைக் காணோம். சற்று நேரத்தில் போன் வந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வந்துட்டனுங்க. பின்னால திரும்பிப் பாத்தா புள்ளையக் காணோங்க!"

"புள்ள இங்க வாழைப்பழம் தின்னுக்கிட்டு இருக்குது. நீ மெதுவா வா" என்றேன். சொன்னதை அப்படியே செய்கிற ஆள், நான் பழக்கியவன்.