சிரிக்கிற யானை

யாழ்ப்பாணத்திலிருந்து வன்னியிலுள்ள ஒரு வயலோரப் பள்ளிக்கூடத்துக்கு நான் மாற்றலாகி வந்த புதிது. என் பாடத்தைப் பார்க்க ஆசிரிய ஆலோசகர் வருகிறார் என்றதும், கோயில் யானையை நினைத்துப் பெரிய படமொன்று கீறினேன். நெற்றிப்பட்டம், மாலை, வாயெல்லாம் சிரிப்பு.

படத்தைச் சுவரில் தொங்கவிட்டு, "பிள்ளையள், யானையைக் கண்டால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். "கும்பிடுவம்" என்பார்கள் என்று நினைத்தேன்.

முதலாம் வகுப்பு முழுவதும் எழும்பி, மேசையிலும் சாப்பாட்டுப் பெட்டியிலும் அடித்து, "ஊய்! ஊய்!" என்று கூவியது. வயலுக்குள் யானை இறங்கினால் அதை விரட்ட வீட்டில் செய்வதைத்தான் செய்தார்கள். ஆலோசகர் கதிரையில் ஏறி நின்றார். அதிபர் கையில் யானைவெடியோடு ஓடிவந்து, "எந்தப் பக்கத்தால வந்தது, டீச்சர்?" என்றார்.

நான் சுவரைக் காட்டினேன்.

சத்தம் அடங்கியதும் முன்வரிசைச் சிறுமி கேட்டாள்: "டீச்சர், இது ஏன் சிரிக்குது? எங்கட நெல்லைத் திண்டிட்டுதோ?"

"பிள்ளைகளின் பங்களிப்பு மிக நன்று" என்று எழுதிவிட்டு ஆலோசகர் போனார். நான் அந்தச் சிரிப்பை அழித்தேன்.

இப்போதெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுத்தான் படம் கீறுகிறேன். அடுத்த கிழமை குரங்கு. கேட்கவே பயமாக இருக்கிறது.