தண்ணீரின் மேல் படலம்

எங்கள் வீட்டு வாசலில் எந்தச் செடியும் பச்சையாக நின்றதில்லை. அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் டிப்பர் லாரிகளின் சாலையோரத்தில் வீடு. கறிவேப்பிலை வைத்தேன், செம்பருத்தி வைத்தேன், கடைசியாக ஒரு மல்லிகை. காலையில் இலைகளைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுப் பஸ் ஏறுவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் திருநீறு பூசியதுபோல நிற்கும். மல்லிகைப் பூவைப் பறித்தால் விரலில் மாவு ஒட்டும்.

நான் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வீட்டுக்காரர் எங்கள் சாலையிலேயே, கொஞ்சம் தள்ளியிருந்த எடைமேடையில் வேலை பார்த்தார். லாரி வந்து மேடையில் ஏறும், அவர் கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக எடைச்சீட்டை நீட்டுவார், லாரி போகும், அடுத்தது வரும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலைதான். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த வருஷம் எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்தது. மனசை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி அவள் வீட்டு மீன்தொட்டியைக் காட்டினாள். பொம்மையும் கலர் கல்லும் போட்ட தொட்டி இல்லை. மண் போட்டு, செடி நட்டு, நடுவில் ஒரு மரக்கட்டை வைத்து, சின்னத் தோட்டம் ஒன்று தண்ணீருக்குள் அசைந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்குள் தூசி எப்படி வரும் என்று அப்போதே மனசுக்குள் ஓடியது.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் சிரித்தார்.

"மீன் வளக்க தொட்டி வாங்குவாங்க. நீ செடி வளக்க தொட்டி வாங்கறியா?"

"வாசல்ல ஒண்ணும் வர மாட்டேங்குதே. இதாவது வரட்டும்ங்க."

"சரி சரி, வாங்கு. நானும் கொஞ்ச நேரம் பச்சையா எதையாவது பாக்கறேன்."

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடையில் இரண்டடித் தொட்டி வாங்கினோம். கடைக்காரர் எங்கள் ஊரைக் கேட்டதும், "உங்க பக்கத்து போர் தண்ணி சுண்ணாம்பு தண்ணிங்க. கப்பி, மோலி மீன்தான் தாங்கும். செடியிலயும் வல்லிஸ்னேரியா எடுத்துக்கங்க, அது எதுலயும் பொழச்சுக்கும்" என்றார். மரக்கட்டையில் நூலால் கட்டிவைக்க அகன்ற இலைச் செடி ஒன்றும் கொடுத்தார். மேல்மூடி வேண்டுமா என்று கேட்டார். திறந்திருந்தால்தான் தோட்டம் மாதிரி இருக்கும் என்று நான் வேண்டாம் என்றேன்.

தைப்பூசத்துக்கு மறுநாள், ஹாலில் ஜன்னலோரம் அதை அமைத்தோம். கறுப்பு மண்ணைப் பின்பக்கம் மேடாகவும் முன்பக்கம் சரிவாகவும் பரப்பினேன். மண் கலையாமலிருக்க அதன்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, தட்டில் விழும்படி தண்ணீர் ஊற்ற வேண்டும். பின்பக்கக் குழாயிலிருந்து இரண்டு கையிலும் இரண்டு வாளியாக அவர் தூக்கிவந்து ஊற்றினார். இடுக்கியால் செடிகளை நட நட, அவர் பக்கத்தில் நின்று, "அது சாஞ்சிருக்கு பாரு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். விளக்கைப் போட்டோம். மூங்கில் கொல்லையைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல இருந்தது.

முதலில் செடிகள் அழுகின. பழைய இலை போய்த்தான் புது இலை வரும், பொறுத்திருங்கள் என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். சொன்னபடியே வந்தது. சிவராத்திரிக்கு அப்புறம் கப்பி மீன்களை விட்டோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். எடுப்பது என் வேலை, தூக்கிவருவது அவர் வேலை.

படலத்தை நான் முதலில் பார்த்தது பங்குனி வெயிலில். காலையில் ஜன்னலைத் திறந்தபோது வெளிச்சம் சாய்வாகத் தண்ணீர்மேல் விழுந்தது. மேற்பரப்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் மெல்லிய தோல் போல ஏதோ கிடந்தது. மீன் ஒன்று மேலே வந்து வாய் வைத்த இடத்தில் அது கிழிந்து, திரும்பவும் மூடிக்கொண்டது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"புது தொட்டில அப்படித்தாங்க வரும். எண்ணெ மாதிரி ஒரு ஏடு. நியூஸ் பேப்பர தண்ணி மேல படுக்க வச்சு எடுத்தீங்கன்னா ஒட்டிக்கிட்டு வந்துடும். பயப்படாதீங்க."

பேப்பரைப் படுக்கவைத்து எடுத்தேன். ஒட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை மறுபடியும் இருந்தது. தினமும் எடுத்தேன், தினமும் வந்தது. ஒருநாள் எடுத்த பேப்பரை வெயிலில் காயவைத்துவிட்டு, காய்ந்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். எண்ணெய் இல்லை. நறநறவென்று இருந்தது.

சாயங்காலம் அவர் வந்ததும் அந்தப் பேப்பரைக் காட்டினேன்.

"இது லாரித் தூசிங்க. ராத்திரி முழுக்க வந்து விழுது."

அவர் அதைக் கையில் வாங்கவில்லை. சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ரோட்டோர வூடு. தூசி வராம பன்னீரா வரும்" என்றார். பிறகு டி.வி.யைப் போட்டு, வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தார். அந்தச் சத்தம் எப்போதிலிருந்து கூடியது என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு கண்ணாடித் துண்டை வெட்டிவந்து தொட்டியை மூடினேன். மறுநாள் தண்ணீர் தெளிவாக இருந்தது. படலம் கண்ணாடியின் மேல் இருந்தது. அதைத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்பியபோது, தொட்டிக்குப் பக்கத்திலேயே நாங்கள் பாய் விரித்துப் படுக்கும் இடம் கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் துணியோடு நின்றேன். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

தொட்டிக்குள் எல்லாம் நன்றாக வளர்ந்தது. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வல்லிஸ்னேரியா ரிப்பன் போல நீண்டு மேலே வந்து மடங்கியது. கப்பி குட்டி போட்டது. வெளியில் மல்லிகை பட்டுப்போய்விட்டது.

சித்திரையில் அவர் வாளியை ஒவ்வொன்றாகத் தூக்கிவர ஆரம்பித்தார். தோள் வலி என்றார். வைகாசியில் முக்கால் வாளி. தரையில் சிந்துகிறது என்று நான் திட்டியதால்தான் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார். ஆனியில் அரை வாளி. அதுவும் வந்து சேர நேரமாகும். பின்பக்கம் குழாய் கொட்டிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்கும். கோடையில் போரில் தண்ணீர் இறங்கிவிட்டது, வாளி நிறைய நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடிக் காற்று ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். செடிகளின் மேற்பாதி வெளியே தெரிந்து தொய்ந்து கிடந்தது. குழாய்ச் சத்தம் நிற்கவில்லை. அவர் வரவும் இல்லை. எழுந்து பின்பக்கம் போனேன்.

வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் வாழைமரம் வரை ஓடியிருந்தது. அவர் துவைக்கிற கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து இருமிக்கொண்டிருந்தார். அந்த மாதிரி இருமலை நான் அவரிடம் கேட்டதேயில்லை. உள்ளே எதையோ பிய்த்து எடுப்பதுபோல இருந்தது. குழாய்ச் சத்தம் அதை மூடியிருந்தது. நான் குழாயை மூடினேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளாங்க இது?"

அவர் வாயைத் துண்டால் துடைத்தார். பேச மூச்சு வரவில்லை. கையை மட்டும் ஆட்டினார்.

"கேக்கறேன்ல. எத்தன நாளா?"

"பாப்பா காலேஜ் சேர்றதுக்கு முன்னாடிலேருந்து" என்றார். "உனக்கு பிரஷர்னு சொன்னாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றது."

துண்டை வாங்கிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. சளி மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது. அன்றைக்குத் தொட்டிக்கு நானே தண்ணீர் தூக்கி ஊற்றினேன். தட்டு வைக்க மறந்துபோய் மண்ணெல்லாம் கலங்கி, சாயங்காலம் வரை உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மகளும் ஹாஸ்டலிலிருந்து வந்து எங்களோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வயதில் சின்னவர், படத்தை வெளிச்சத்தில் வைத்து எங்களுக்கும் புரியும்படி காட்டினார்.

"நுரையீரல்ல ரெண்டு பக்கமும் தழும்பு விழுந்திருக்குங்க. கல்லுத் தூசி. விழுந்தது இனிமே சரியாகாது. மேற்கொண்டு போகாம பாத்துக்கணும். அந்த வேலை வேண்டாம்."

"வேற வேலை எனக்குத் தெரியாதுங்களே" என்றார் அவர். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேலையை விட்டார். பெரம்பலூரில், லாரி போகாத ஒரு தெருவில் வாடகைக்கு வீடு பார்த்தேன். தொட்டியைக் காலி செய்து, செடிகளை ஈரத் துணியில் சுற்றி, மீன்களைத் தூக்குவாளியில் விட்டு எடுத்துப்போனோம். புது வீட்டில் மறுபடியும் நட்டபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். சாய்ந்திருக்கிறது என்று சொல்லவில்லை. இப்போது தெருமுனை டீக்கடை வரை நடந்துபோய்விட்டு வருவார். வழியில் ஒரு மதில்மேல் கை வைத்துக் கொஞ்சம் நிற்பார். யாராவது பார்த்தால் போனை எடுத்துப் பார்ப்பதுபோல நிற்பார்.

அன்றைக்கு டாக்டர் அறையிலிருந்து கிளம்பும்போது நடந்த ஒன்றை மகளிடம் நாங்கள் திரும்பப் பேசுவதில்லை. கதவைத் திறக்கப் போன என்னை டாக்டர் கூப்பிட்டார்.

"நீங்களும் அந்த ரோட்டோர வீட்லதானங்க இருக்கீங்க?"

"ஆமாங்க."

"எத்தன வருஷமா?"

சொன்னேன். அவர் பேனாவை எடுத்து ஒரு சின்னத் தாளில் எழுதி நீட்டினார்.

"நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுங்க. எதுக்கும்."

சரி என்றேன். இன்னும் எடுக்கவில்லை. பரீட்சை முடியட்டும் என்றிருந்தேன், லீவு வரட்டும் என்றிருந்தேன். வீட்டுக்காரர் சனிக்கிழமையானால், "திருச்சிக்குப் போயிட்டு வந்துடுவோமா?" என்று கேட்கிறார். அடுத்த வாரம் போகலாம் என்கிறேன். அவரும் அதற்குமேல் கேட்பதில்லை.